வீட்டு வை-ஃபை: கோளாறு கம்பியிலா, காற்றிலா?

(புணேயில் நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நமது கிளைச் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "மாமா, நீங்க டெலிபோன் இலாகாவில இருந்தவர். இந்த வை-ஃபை விஷயத்தை எல்லாருக்கும் புரியறாப்பல அரை மணி பேசுங்கோ. கூட்டத்துக்கு வரவாள்ல பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் புலம்பறா" என்றார். நான் இலாகாவில் சேர்ந்தது 1978-ல். அந்த நாளில் ஒரு டெலிபோன் கனெக்ஷனுக்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்துவிட்டால் தெருவே வந்து பார்க்கும். இன்று கேட்ட மறுநாளே ஃபைபர் வந்துவிடுகிறது. ஆனால் வந்தது நின்று ஓடுகிறதா என்றால், அங்கேதான் சங்கடம்.

இது ஏதோ பொழுதுபோக்கு விஷயம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 2020-ல் ஊரடங்கின்போது வாத்யார் ஓர் ஊரில், நாம் ஓர் ஊரில் என்று உட்கார்ந்து வீடியோவில் பார்த்து அமாவாசை தர்ப்பணம் பண்ணியவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். பென்ஷன் விவகாரம், பாங்கு, டாக்டர் ஆலோசனை, டொரான்டோவில் இருக்கும் பெண், சிட்னியில் இருக்கும் பேரன் எல்லாம் இந்தச் சின்ன டப்பா வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வருகிறார்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது அறுந்துபோனால், கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயிற்றில் நெருப்பு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். "நெட் வரலை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரண்டு தனித்தனிச் சமாசாரங்கள் இருக்கின்றன. கார்ப்பரேஷன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து நம் வீட்டுத் தொட்டி வரைக்கும் வருவது ஒரு குழாய். தொட்டியிலிருந்து சமையலறைக்கும் ஸ்நான அறைக்கும் போவது வேறு குழாய். சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே கார்ப்பரேஷனுக்குப் போன் செய்வோமா? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்போம். இங்கேயும் அதேதான். தெருவிலிருந்து வரும் ஃபைபர் கம்பி, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் டப்பா வரை. இது முதல் பாதி. டப்பாவிலிருந்து உங்கள் கைபேசி வரை காற்றில் வருகிற ரேடியோ அலை. அதுதான் வை-ஃபை, இரண்டாம் பாதி. கைபேசியின் மேலே விசிறி மாதிரிக் கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, ஆனாலும் ஒன்றும் திறக்கவில்லை என்கிறீர்களே, அதற்கு அர்த்தம் இரண்டாம் பாதி நன்றாக இருக்கிறது, தொட்டியில்தான் தண்ணீர் இல்லை என்பது.

எந்தப் பாதியில் கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு காரியம் செய்தால் போதும்.

ஒன்று, டப்பாவின் விளக்குகளைப் பார்ப்பது. ஃபைபர் டப்பாவில் பவர், பான், லாஸ் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, கம்பி வழியாக ஒளி வரவில்லை என்று அர்த்தம். அப்போது நீங்கள் டப்பாவைப் பத்து தடவை அணைத்து ஏற்றினாலும் பிரயோஜனம் கிடையாது. கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதுதான். லாஸ் அணைந்து, பான் என்ற விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் கம்பி வரைக்கும் சரி. பான் மினுக்கிக் கொண்டே இருந்தால் டப்பா எக்ஸ்சேஞ்சோடு பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறது, இன்னும் பதில் வரவில்லை.

இரண்டாவது, கைபேசியை எடுத்துக்கொண்டு டப்பாவுக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்று பார்ப்பது. அங்கே அருமையாக ஓடி, படுக்கையறையில் ஓடவில்லை என்றால் கோளாறு காற்றில். அங்கேயும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கம்பியில், அல்லது டப்பாவில். வீட்டில் லேப்டாப் இருந்தால் வை-ஃபையை அணைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு லான் ஒயரை நேராகச் செருகிப் பார்ப்பது இன்னும் உத்தமம். லீவுக்கு வந்திருக்கும் பேரனிடம் சொன்னால், "பிங்" என்கிற கட்டளையை இரண்டு ஜன்னலில் ஓடவிடுவான். ஒன்று நம் வீட்டு டப்பாவுக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்று வெளியே 8.8.8.8-க்கு. முதலாவதே விட்டுவிட்டுப் பதில் சொன்னால் காற்றில் கோளாறு. முதலாவது சீராக இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால் வெளி லைனில் கோளாறு. இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல்தான் நம்மவர்கள் மூவாயிரம், நாலாயிரம் என்று கொடுத்து வேண்டாத கருவிகளை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நடந்த சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் தரைத் தளத்தில் ஒரு மாமி தனியாக இருந்தார். வயது 76. பெண் டொரான்டோவில். தரைத் தளம் என்பதால் கூடத்தில் மொபைல் சிக்னலும் சரியாக எடுக்காது, எல்லாம் வை-ஃபையில்தான். பெண் தினமும் நம் சாயங்காலத்தில், அங்கே காலையில் வேலைக்குப் புறப்படுமுன், வீடியோவில் கூப்பிடுவாள். ஒரு மாதமாக அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை அந்தப் பெண் பதறிப்போய் எங்கள் செகரட்டரிக்குப் போன் செய்து, வாட்ச்மேன் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார். மாமி சௌக்கியமாகப் பூ கட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் மூன்று தடவை வந்தார். எப்போதும் காலை பதினோரு மணிக்கு வருவார். மீட்டரை வைத்துப் பார்ப்பார், ஒளி நன்றாக வருகிறது என்பார். ஒரு தடவை டப்பாவை மாற்றினார், இன்னொரு தடவை பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார். மாமி மாறினார். கோளாறு மாறவில்லை. கடைசியில் பெண், "அம்மா, இனிமே உன்னைத் தனியா விட முடியாது. ஃபிளாட்டை வித்துடலாம், கோயம்புத்தூர்ல முதியோர் குடியிருப்புல இடம் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மாமிக்கு முப்பத்தைந்து வருஷமாக இருந்த வீடு.

என்னைக் கூப்பிட்டார். நான் மீட்டர் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. "எப்பெப்போ போறது மாமி?" என்று மட்டும் கேட்டேன். அவர் காலண்டரைக் காட்டினார். பால் கணக்குக் குறிக்கும் இடத்திலேயே பென்சிலால் நேரம் போட்டு வைத்திருந்தார். காலையில் ஆறரை, சாயங்காலம் ஆறரை. அரை மணி, முக்கால் மணி. பிறகு தானே வந்துவிடுகிறது. "காலம்பரயும் சாயங்காலமும் விளக்கேத்தற நேரத்துக்குப் போயிடறது மாமா, பகவானுக்கே பிடிக்கலையோ என்னமோ" என்றார்.

நேரம் இப்படிக் கடிகாரம் மாதிரி இருந்தால் அது கம்பெனிக் கோளாறு இல்லை, வீட்டுக்குள் யாரோ தினமும் செய்யும் காரியம். "விளக்கேத்தறாப்பலயே எல்லாம் பண்ணுங்கோ, நான் பாக்கறேன்" என்றேன். மாமி சுவாமி அலமாரியின் கதவைத் திறந்து, முழுக்கச் சுவரோடு சாய்த்து வைத்தார். டப்பாவில் சிவப்பு விளக்கு. சுவரோரமாக வந்த ஃபைபர் கம்பி ஓர் ஆணியிலிருந்து நழுவித் தொங்கியிருந்தது. கதவு முழுக்கத் திறந்தால் கம்பி கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மடிந்து நசுங்கியது. பூஜை முடிந்து கதவை மூடினால் மடிப்பு விலகிவிடும். ஓரிரு நிமிஷத்தில் இணைப்பு தானே திரும்பிவிடும். பதினோரு மணிக்கு வருகிற ஆளுக்கு இது எப்படித் தெரியும்?

இதன் உள் விஷயம் என்னவென்றால், ஃபைபர் என்பது மயிரிழை போன்ற கண்ணாடி. அதில் போவது மின்சாரம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒளி. கண்ணாடிக்குள்ளேயே பட்டுப் பட்டுத் திரும்பி அந்த ஒளி பயணம் செய்கிறது. இழையைச் சுருக்கென்று மடித்தால், வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். செம்புக் கம்பியை மடித்தாலும் பேச்சு வரும். இதை மடித்தால் வராது. ஆகவே அதை ஆணியில் சுற்றுவது, கதவு இடுக்கில் விடுவது, சோபா காலுக்கு அடியில் கொடுப்பது எல்லாம் கூடாது. மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்க வேண்டுமானால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு பெரிய வட்டமாக வையுங்கள். இன்னொன்று: அந்தக் கம்பியின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். ஒளி தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

மாமி வீட்டில் இரண்டு கிளிப் அடித்துக் கம்பியைத் தூக்கிவிட்டோம், அவ்வளவுதான். ஃபிளாட் விற்கும் பேச்சு அப்போதைக்கு நின்றது. இரண்டு வருஷம் கழித்து முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தானாகவே கோயம்புத்தூர் போனார். அது வேறு விஷயம். ஆனால் போனது தன் இஷ்டப்படி.

ஆகையால் கோளாறு வந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். எப்போது போயிற்று, எப்போது வந்தது, என்ன விளக்கு எரிந்தது, வீட்டில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது. மழை நாளில் மட்டும் போகிறதா? வெளியே இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கலாம். கரண்ட் போய் வந்த பிறகு மட்டுமா? அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். டப்பாவுக்குப் போகும் அந்தச் சின்னக் கறுப்பு அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். நாலைந்து வருஷம் இரவு பகலாகச் சூடேறினால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வறண்டு பலவீனமாகிவிடும். விளக்கு எரியும், ஆனால் வேலை அதிகமானால் டப்பா தானே அணைந்து ஏறும். புது டப்பா வாங்குமுன் அதே வோல்ட், குறையாத ஆம்பியர் உள்ள அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வைத்தியம்.

இனிக் காற்றுப் பக்கம் வருவோம். வை-ஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது, 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ். நம் தேசத்தில் 2.4-ஐ லைசென்ஸ் இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் சர்க்கார் விதி போட்டது. அதனால்தான் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2.4 தூரம் போகும், சுவரைத் துளைக்கும், வேகம் குறைவு. 5 வேகம் அதிகம், ஆனால் ஒரு கனமான சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். மாட்டுங்காவிலும் கல்கத்தா லேக் பகுதியிலும் பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் கவனிக்கவும். அந்தக் காலத்துப் பருமனான செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் 5 போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அநேக டப்பாக்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். கைபேசி இதற்கும் அதற்கும் தாவித் தாவி அறுந்து போவதுண்டு. டப்பாவின் அமைப்பில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால், கூடத்து டிவிக்கு 5, உள்ளறைக் கைபேசிக்கு 2.4 என்று நாமே பிரித்துக் கொடுக்கலாம்.

2.4-ல் இன்னொரு தொல்லை. 13 சானல்கள் இருக்கின்றன என்பார்கள். ஆனால் ஒவ்வொரு சானலும் பக்கத்துச் சானல்கள் மேல் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடியில் சுற்றிலும் முப்பது டப்பாக்கள். ஒரே ஹாலில் மூன்று மேடை போட்டு முப்பது பேர் பாடினால் எப்படி இருக்கும்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடும்போது தடுமாறுகிறது என்றால் அநேகமாக இந்தக் கூட்ட நெரிசல்தான். எந்தச் சானலில் கூட்டம் குறைவு என்று காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு கைபேசியில் கிடைக்கின்றன. அதே செயலி சிக்னல் பலத்தையும் மைனஸ் எண்ணில் சொல்லும். மைனஸ் 50 என்றால் பிரமாதம், மைனஸ் 67 வரை வீடியோ பேச்சுக்குப் போதும், மைனஸ் 80-ஐ நெருங்கினால் முகம் உறைந்து நிற்கும். ஒவ்வொரு அறையாக நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே 2.4 அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அப்பளம் பொரிக்கும் இரண்டு நிமிஷம் மட்டும் நெட் போகிறது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள், அது நிஜம்.

டப்பாவை வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. அழகாக இல்லை என்று டிவி ஸ்டாண்டுக்குள் ஒளித்து வைப்பது, எம்ப்ராய்டரி துணி போட்டு மூடுவது, எஃகு பீரோ மேலே வைப்பது, இன்வெர்ட்டருக்குப் பின்னால் செருகுவது, இந்த நாலையும் நம்மாத்துகளில் பார்த்திருக்கிறேன். இரும்பு அலையைத் தடுக்கும், பெரிய கண்ணாடி திருப்பும், தண்ணீர் விழுங்கும். மீன் தொட்டி பக்கத்தில் வேண்டாம். துணி அலையைத் தடுக்காது, ஆனால் டப்பாவைப் புழுங்க வைக்கும். வீட்டின் நடுவாந்திரமாக, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே நல்லது. கம்பெனி ஆள் வாசற்படி பக்கம் மாட்டிவிட்டுப் போவது அவருக்குச் சௌகரியம். நமக்கல்ல. கம்பி போடும் அன்றைக்கே சொல்லி உள்ளே கொண்டுவர வையுங்கள்.

அப்படியும் கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால்தான் கூடுதல் கருவி. கடையில் முதலில் ரிபீட்டர் என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். அது ஒரே காதால் கேட்டு ஒரே வாயால் திருப்பிச் சொல்வது. அதற்கே பாதி நேரம் போய்விடுவதால், சாதாரண ரகத்தில் வேகம் பாதியாகும். அதையும் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டிவிட்டு வரவில்லை என்கிறார்கள். கேட்டால்தானே திருப்பிச் சொல்லும்? நடுவழியில் மாட்ட வேண்டும். என் அபிப்பிராயம், ஒரு தடவை ஆளை விட்டு கேட் 6 ஒயர் இழுத்து அந்த அறையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்துவிடுவதே உத்தமம். அந்த ஒயர் 100 மீட்டர் வரை சரியாக வேலை செய்யும். பார்க்க அசிங்கம் என்று வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பெரிய பிளானுக்கு மாறினால் சரியாகும் என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். சர்க்கார் 2004-ல் பிராட்பேண்ட் கொள்கை போட்டபோது 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2013-ல் 512 ஆக்கினார்கள். 2023-ல் 2 மெகாபிட் ஆக்கினார்கள். ஒருவர் வீடியோவில் பேச இரண்டு மூன்று மெகாபிட் தாராளம். 40 மெகாபிட் பிளானில் அறுந்து போகிற பேச்சு 200-லும் அறுந்துதான் போகும். குழாய் அடைத்திருக்கும்போது பெரிய தொட்டி கட்டிப் பயன் என்ன? இன்னொன்று, விளம்பரத்தில் வருவது பிட், நாம் கோப்பு இறக்கும்போது திரையில் வருவது பைட். 8 பிட் ஒரு பைட். ஆகவே 100 என்று வாங்கிய இணைப்பில் 12 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

டப்பாவை அணைத்து ஏற்றுவது பற்றி. சுவிட்சை அணைத்து அரை நிமிஷம் விட்டு, ஏற்றிவிட்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். அவ்வளவு போதும். பின்னால் ஊசி நுழையும் அளவு ஓட்டையில் ரீசெட் என்றிருக்கும். அதைக் குத்தாதீர்கள். அது அணைத்து ஏற்றுவது இல்லை. பெயர், கடவுச்சொல், கம்பெனி போட்டுக்கொடுத்த அமைப்பு எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

கடைசியாக, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. நெட் போனவுடன் கைபேசியில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வருகிற எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். மோசடிக்காரர்கள் அங்கே தங்கள் எண்ணைப் போட்டு வைக்கிறார்கள். மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். "ஒரு சின்னச் செயலி இறக்குங்கள் சார், நான் இங்கிருந்தே சரி செய்கிறேன்" என்பார்கள். அது உங்கள் திரையை அப்படியே அவனுக்குக் காட்டும் செயலி. பிறகு பத்து ரூபாய் கட்டச் சொல்வான். நீங்கள் அடிக்கும் பின் எண்ணும் வரும் ஓ.டி.பி.யும் அவன் கண்முன். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஃபிக்ஸட் டெபாசிட்டே இப்படிப் போயிற்று. அப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும், பாங்குக்கும் சொல்ல வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். கம்பெனியின் நிஜ எண் உங்கள் பில்லில் இருக்கிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி டப்பா பக்கத்தில் ஒட்டுங்கள், உங்கள் கணக்கு எண்ணையும் சேர்த்து. புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சரியாகாவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2012-ல் டிராய் போட்ட விதி. புகார் எண் இல்லாமல் அவரிடம் போக முடியாது.

உரை முடிந்ததும் ஒரு மாமி கேட்ட கேள்வியையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். "ராத்திரி படுக்கப் போறச்சே டப்பாவை அணைச்சுடலாமா?" அணைத்தால் டப்பாவுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. கரண்ட் மிச்சமும் பெரிதாக இல்லை. ஆனால் இப்போதெல்லாம் லாண்ட்லைன் போனும் அநேக வீடுகளில் இதே டப்பாவில்தான் மாட்டியிருக்கிறது. டப்பா அணைந்தால் அதுவும் ஊமை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை கூப்பிட்டாலும் மணி அடிக்காது, நீங்கள் டாக்டரைக் கூப்பிடவும் முடியாது. தனியாக இருப்பவர்கள் அணைக்க வேண்டாம். ரூட்டருக்கென்றே உள்ளங்கை அளவில் சின்ன யூ.பி.எஸ். கிடைக்கிறது. வாங்கும்போது உங்கள் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.